அவருக்கு மட்டும் ஆறு

“அவருக்கு ஆறு, எனக்கு மட்டும் ரெண்டா?”

குப்புறப் படுத்திருந்த தையல்காரர் கேட்டார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பன்னிரண்டு அக்குபஞ்சர் ஊசிகள். அவற்றில் ஒயர் மாட்டி, இரண்டு கட்டில்களுக்கும் நடுவே இருந்த சின்னப் பெட்டியில் சேர்த்திருந்தார் டாக்டரம்மா. பெட்டியில் ஆளுக்கொரு குமிழ்.

“இது மார்க் இல்லைங்க, கரண்ட். தண்டுவடத்துப் பக்கம் வீங்கி நரம்பை அழுத்துது. இந்தத் துடிப்புல வீக்கமும் வலியும் சில பேருக்குக் குறையுது. உங்களுக்கு ரெண்டே போதும்.”

‘அந்த ஆளுக்கு மட்டும் போதாதாக்கும்!’

பக்கத்துக் கட்டில்காரர் எதிர்க்கடைத் தையல்காரர். இருபது வருஷமாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே நம்மவரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறவர். அவர் கடைக் கண்ணாடி பெரிது. மின்விசிறி இரண்டு. இடுப்பு வலியில்கூட நம்மவரைத் தனியாக விடவில்லை. அடுத்த மாதமே தானும் படுத்துவிட்டார்.

இப்போது வெறும் எரிச்சல் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நானூறு சீருடை வேண்டும். யார் முதலில் கடை திறக்கிறாரோ அவருக்கே ஆர்டர் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கடைக்கு அதுதான் உயிர்.

டாக்டரம்மா போன் பேச வெளியே போனார்.

நம்மவர் மெல்லக் கையை நீட்டினார். தன் குமிழை ஒரே திருகில் ஆறுக்குக் கொண்டுபோனார்.

“ஐயோ! அம்மா!”

கால் அவரைக் கேட்காமலே ஆடியது. டாக்டரம்மா ஓடிவந்து மெஷினை அணைத்தார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? யாரு திருகச் சொன்னா?”

“அந்த ஆறுலதானே அவர் சாய்வு நாற்காலியில கிடக்கிற மாதிரி கிடக்கிறார்!”

எதிர்க்கடைக்காரர் தலையைத் திருப்பினார்.

“ரொம்ப வலிச்சுதா?”

“உயிரே போயிடுச்சு!”

“எனக்கு ஆறுலயும் எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லைங்க. கால் மரத்துப்போய் ரெண்டு மாசமாச்சு. மெஷின் மிதியில இருக்கா, தரையில இருக்கான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது.”

நம்மவருக்கு உடனே பரிதாபம் வந்திருக்க வேண்டும். நானூறு சீருடைதான் முதலில் வந்தது. பரிதாபம் அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

“அப்ப... ஸ்கூல் ஆர்டர்?” எவ்வளவு அடக்கியும் குரல் ஆவலைக் காட்டிக்கொடுத்தது.

“நேத்தே ஹெட்மிஸ்ட்ரஸ்ஸைப் பார்த்துட்டேன். ‘என் எதிர்க்கடைக்காரர் ஊசிக்கு ஊசி கத்துறாரும்மா, நரம்பு நல்லா உயிரோட இருக்கு. ஒரு மாசம் பொறுத்து அவருக்கே கொடுங்க’ன்னு சொல்லிட்டு வந்தேன்.”