கோதுமை தின்ற பன்றி

அரிவாள் இன்னொரு முறை கதவில் பாய்ந்தது. நல்ல தேக்கு, அசையவில்லை.

என் தம்பி குழந்தைவேலுவின் வயிற்றில் என் தலைப்பாகைத் துணியை வைத்து அமுக்கியிருந்தேன். துணியெல்லாம் ரத்தம்.

தண்ணீர், தண்ணீர் என்று முனகிக்கொண்டே இருந்தான்.

பர்மாவில் பசுந்தாங் ஓடைக்கரை நெல் கிட்டங்கிக்குள் நாங்கள் ஐந்து பேர். வெளியே ரெங்கசாமி மேஸ்திரியின் ஆட்கள் இருபது பேர். படகு நெல்லை எந்தக் கூட்டம் இறக்குவது என்று வந்த சண்டை. அவர்களில் ஒருவன் மண்டையை நானே கடப்பாரையால் பிளந்திருந்தேன். சும்மா விடுவார்களா?

கதவு உடையாது என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். தாகம் எங்களைத் தானாக வெளியே இழுத்துவரும் என்று கணக்கு. திஞ்சான் புத்தாண்டு விடுமுறை வேறு. ஊரெல்லாம் பர்மாக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருக்க, எங்களிடம் மலைமலையாய் நெல்லும் அரைக்குடம் தண்ணீரும்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். நான் முன்பு சமையல் வேலை பார்த்த இத்தாலிக்காரச் சாமியார் சொன்னது. அவர் ஊர் மலை உச்சியில். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிப் படை அதை வளைத்துக்கொண்டதாம். பிடிபட்டவர்கள் தலையை வெட்டி மதிலுக்குள் எறிந்தார்களாம். உள்ளே எலியைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாயிற்று. ஒரு விதவை வீட்டில் மட்டும் ஒரு மூட்டை கோதுமை, ஒரு பன்றி. அவள் கோதுமை முழுவதையும் பன்றிக்குப் போட்டு, அதை மதில்மேலிருந்து தள்ளிவிட்டாள். வயிறு வெடித்துக் கோதுமை சிதறியது. பன்றிக்கே கோதுமை போடுகிற ஊரைப் பட்டினி போட்டு மடக்க முடியுமா? படை கிளம்பிவிட்டது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"அப்ப இருக்கிற தண்ணிய அவனுக மேல ஊத்துங்கண்ணே. அவனுக போனதும் எனக்கு நெறையக் குடுங்க."

மூட்டைகள்மேல் ஏறி மேல் சன்னலைத் திறந்தேன். திஞ்சான் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிரித்துக் கத்திக்கொண்டே, கீழே நின்றவர்கள் தலையில் குடத்தைக் கவிழ்த்தேன். தம்பிக்கு ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கலாம். மிச்சம் வைக்க நினைத்தால் கை தயங்கும், கண்டுபிடித்துவிடுவார்கள். பாவி, கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன்.

உள்ளே குழாய் இருக்கிறது, இவனுகள் இப்போதைக்குச் சாகமாட்டான்கள் என்று ஒருவன் காறித் துப்பினான். சற்று நேரத்தில் ஒருவரும் இல்லை.

தம்பியை இரு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தலையில் பூ வைத்த பர்மாக்காரப் பெண் ஒருத்தி, சிரித்தபடி வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரை எங்கள்மேல் ஊற்றினாள். ரத்தத்தைப் பிறகுதான் பார்த்தாள்.

குளிர்ந்த, நல்ல தண்ணீர். தம்பியின் திறந்த வாயில் நிறைந்து, கடைவாயில் வழிந்தது. அவன் விழுங்கவில்லை.

சாமியார் சொன்ன கதையில் அந்த விதவைக்கு ஒரு கைக்குழந்தை உண்டு. படை போன அன்று அது பசியில் செத்துப்போனது.

அதை மட்டும் நான் தம்பியிடம் சொல்லவில்லை.