தபால் நிலையத்துச் செப்பு முகம்

"எந்திரிடா, குரங்கு தின்னி! செத்த மாதிரி நடிச்சா சுரங்கத்துல லீவு குடுத்துருவானுங்களா?"

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று கத்தினான் தபால்காரன் ஜேரே.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் ங்கோனி இனம், செத்துப்போன காசோன்டே பெம்பா இனம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. சாவு வீட்டுக்கு வந்து கிண்டலடிக்காமல் போனால்தான் மரியாதைக் குறைவு.

காசோன்டேயின் பெண்டாட்டி பூபே மட்டும் தலை நிமிரவில்லை. பெட்டிக்கு முன்னால் ஒருவர் படம் ஏந்திப் போக வேண்டும். அவள் புருஷனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. மூடி ஆணியடித்துவிட்டால் அந்த முகம் அதோடு சரி.

வயிற்றில் இருப்பதற்கு எதைக் காட்டுவது?

ஊருக்கெல்லாம் நாட்டுத் தலைவரின் முகத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கிக் கொடுத்த மனுஷன். சுதந்திரம் வந்த வருஷம் கிட்வேயில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எங்கும் அவன் தகடுதான். லைனுக்கு லைன் பாஷை மாறும் சுரங்கக் குடியிருப்பில், நாடு என்றால் எல்லோருக்கும் அந்த முகம்தான்.

ஜேரே தபால் பையிலிருந்து ஒரு தகட்டை உருவினான். தபால் நிலையச் சுவரில் தொங்கும் தலைவர் முகம்.

"இந்தா தங்கச்சி, உன் புருஷன். காலைல ஆபீஸ் தொறக்குறதுக்குள்ள ஆணிக்குத் திரும்பிடணும்."

பூபே முறைத்தாள்.

காசோன்டே தலைவரை நேரில் பார்த்தவனில்லை. கருவாடு சுற்றி வந்த செய்தித்தாளில் பார்த்ததுதான். அதில் நெற்றியும் கண்ணும் மட்டும் தப்பியிருந்தன. மூக்குக்குக் கீழே எண்ணெய் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கண்ணாடியில் தன் முகம் பார்த்துச் செதுக்கினான். கண்ணாடி பிடித்தவன் ஜேரே. கட்சிச் செயலாளர் வந்து பார்த்து, அச்சு அசல் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பூபே முந்தியால் தகட்டைத் துடைத்தாள்.

சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கம் கோணும் அந்தக் கீழுதடு.

ஊர்வலம் போன வழியெல்லாம் தொப்பிகள் கழன்றன. ஒரு போலீஸ்காரர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

"உசுரோட இருந்தப்ப ஒரு பய எந்திரிச்சதில்ல இவனுக்கு" என்று ஜேரே முணுமுணுத்தான்.

பூபே முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு, வெள்ளிதோறும் அதை முதுகில் கட்டிக்கொண்டு தபால் நிலையம் வந்தாள். பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, கடைசியாக ஒரே ஒரு தபால்தலை வாங்குவாள்.

தனக்காகத்தான் வருகிறாள் என்று போஸ்ட் மாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அவளுக்கு எழுதத் தெரியாது.