நீலத் தோட்டா

மொன்டானாப் பனி பஞ்சு பஞ்சாக மிதந்து இறங்கியது. லெனோராவின் கராஜில், தனிக்கட்டையான மெர்ல் தன் துப்பாக்கிக் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் துணித்துண்டுகளை எண்ணெயில் நனைத்துக் கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் இதே வேலைதான்.

"கையே கழண்டுடும் போல. வீட்ல வார்க்கிற தோட்டான்னாலே குழல் பூரா ஈயம் ஒட்டிக்குது."

"ஆமா. மெதுவாவே தேய்ங்க, என்ன அவசரம்?"

பக்கத்து வீட்டு டுவைட் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னுமா மல்லுக்கட்டுறீங்க? தோட்டாவுக்குப் பவுடர் பெயின்ட் பூசி ஓவன்ல வச்சு எடுங்க. ஈயம் ஒட்டாது, ஒரே துணியில குழல் சுத்தம்! லெனோராதானே துப்பாக்கி கிளப்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க."

அவன் போய்விட்டான். லெனோரா நிமிரவேயில்லை.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?" என்றார் மெர்ல்.

"சொன்னா நீங்க சனிக்கிழமை வரமாட்டீங்களே."

வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. மெர்ல் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பவுடர் பூசிய, பளபளக்கும் நீலத் தோட்டா.

"போன வருஷமே கத்துக்கிட்டேன், லெனோரா. இங்க வர்றதுக்குன்னே வெள்ளிக்கிழமை மட்டும் பூசாத தோட்டாவைச் சுட்டு, குழல்ல ஈயம் ஏத்திக்கிட்டு வர்றேன்."