இடக்கைச் சுருள்

ரோசிலி, தூங்கிடாதடி, பேசிக்கிட்டே இரு. என் கை நின்னா இந்த லைட்டு அணைஞ்சுடும். பள்ளிக்கூடத்துல காட்டுறதுக்காக நானும் தம்பி செல்வினும் செஞ்சதுடி இது. பழைய ஸ்பீக்கர் காந்தத்த சைக்கிள் சக்கரத்துல ஒட்டி, ஆளுக்கு ஒரு காயில்னு செம்புக் கம்பி சுத்துனோம். மேடையில சக்கரத்த சுத்துறேன், பல்பு கண்ணே தொறக்கல. "மீன் நாத்தக் கைக்கு இதெல்லாம் எதுக்குடா? நீ கடலுக்குத்தான் லாயக்கு"ன்னேன், எல்லார் முன்னாடியும். மறுநாளே புத்தகப் பையத் தூக்கிப் போட்டுட்டு அப்பாவோட வள்ளத்துல ஏறிட்டான். அன்னைக்கு சாயங்காலம் புயல் வந்துச்சு. ரெண்டு நாளாச்சு, ரெண்டு பேரும் வரல. ஊருல கரண்டு இல்ல, கரை வெளக்கும் எரியல. இன்னைக்கு அவன் சுத்துன காயில கையில எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவன் இடக்கைக்காரன்ல, எனக்கு எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கான். என் கரண்ட்ட அவன் கரண்டு அழிச்சிருக்கு. அவ்வளவுதான்டி. அவன் சுத்துனதுல ஒரு சுத்துகூடத் தப்பில்ல. அவன் காயிலோட ஒயரு ரெண்டையும் மாத்தி முறுக்குனேன், உடனே எரிஞ்சிடுச்சு. அதான் மொட்டமாடிக்குத் தூக்கியாந்துட்டேன். "இந்த மின்மினிப்பூச்சி கடலுக்குத் தெரியுமா? எறங்கி வா புள்ள"ன்னு அம்மா கீழ நின்னு அழுவுது. நீயும் அதையே கேக்காத. வலது கை மரத்துப்போச்சு, ரோசிலி. கொஞ்சம் தள்ளி உக்காரு. இடக்கைக்கு மாத்திக்கிறேன்.