கொடியில் மூன்று துணிகள்

நாத்தனாருக்குப் பொங்கல் பரிசாக, குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி பாட்டில் ஒன்றைத் தமிழ்மொழி செய்தாள். உள்ளே தண்ணீரில், எம்சீல் மாவில் பிடித்த சின்ன வீடு. வாசலில் நூல்கொடி, அதில் பசை போட்டு ஒட்டிய நகமளவு புடவை, லுங்கி, பாவாடை. பனிக்குப் பதில் கரும்பு ஆலைப் புகைபோக்கியின் சாம்பல்.

"நம்மூர்ல பனியா கொட்டுது? இதான கொட்டுது," என்றாள்.

அவள் கணவன் காசிநாதன் குலுக்கிப் பார்த்தான். அரவைக் காலத்துத் தெருவேதான். "உன் கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்!" என்றான்.

சாம்பல் அடங்கியபோது கொடியில் துணி இல்லை. பாட்டிலின் அடியிலும் இல்லை. மூடி இறுக்கமாகவே இருந்தது.

மறுநாள் காலையில் மூன்றும் கொடிக்குத் திரும்பியிருந்தன, பொட்டுச் சாம்பல் இல்லாமல், உதறிக் காயப்போட்டதுபோல. புடவை மட்டும் இடம் மாறியிருந்தது.

அவன் வியந்துபோனான். சாம்பல் விழுந்தால் துணி எடுக்க முதலில் ஓடுபவள் தமிழ்மொழிதான். அவள்கூட இத்தனை சுருக்காக எடுத்ததில்லை.

பொங்கலன்று பாட்டிலைத் தங்கை கையில் கொடுத்தான்.

"பகல்ல குலுக்காதம்மா," என்றான். "துணி காஞ்சிக்கினு இருக்கும்."