நாரை அங்கியின் நாட்டியம்

ஜப்பானிய அரண்மனையில் ஆடுகிற பெண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு பட்டு அங்கிகள் போடுவார்களாம். அத்தனையையும் பிடித்து நிறுத்துவது இடுப்பில் ஒரே ஒரு கயிறு.

அன்று சாயோ என்பவள் ஆடி முடித்தாள். மலைமேல் பனிமூட்டம் நகர்வதுபோல அப்படியொரு மெதுவான ஆட்டம். சபையே சொக்கிப்போனது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த, நாரைப் படம் போட்ட அங்கிக்குத் தலைகால் புரியவில்லை.

"அத்தனை கண்ணும் என்மேலதான், கவனிச்சியா? நான் அசைஞ்சேன், கூடவே அவளும் அசைஞ்சா, அவ்வளவுதான்!"

அடியில் இருந்த வெள்ளை அங்கியிடம்தான் இந்தப் பெருமை. அது கழுத்தோரம் ஒரு விரல் அகலம்தான் வெளியே தெரியும். சாயோவின் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும்.

உடை மாற்றும் அறையில் தோழி கயிற்றை உருவினாள். சாயோ மெல்லக் குனிந்து, கூட்டைவிட்டுப் போகும் பூச்சிபோல நழுவி வெளியே போய்விட்டாள். அங்கிகள் மட்டும் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே குலையாமல் இருந்தன.

ஜன்னல் வழியே காற்று வந்தது. கூடவே இரண்டு செர்ரிப் பூவிதழ்கள். நாரை அங்கியின் கை லேசாக ஆடியது.

"பாரு, மறுபடி ஆடறேன்! அவளும் வேற வழியில்லாம ஆடறா!"

வெள்ளை அங்கி உள்ளுக்குள் அந்த மூச்சைத் தேடிப் பார்த்தது.

"ஆடுங்க அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றது. "உள்ளேதான் குளிர ஆரம்பிச்சிருச்சு."