மூன்றாவது ஓட்டை

தூறல் விழுந்ததும் ரோசம்மாள் கொடியில் கிடந்த புருஷனின் பேன்ட்டை உருவிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

இன்னாசி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். சித்தேரி மலைப் பக்கமிருந்து வந்த காற்றில், அறைக்குள் மழை வாசனையும் தோல் வாசனையும் கலந்து மிதந்தன. மதியமா சாயங்காலமா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். அவருடைய மூச்சு மெதுவாக வந்து மெதுவாகப் போனது.

அவள் வீட்டிலேயே பெல்ட் தைக்கிறாள். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒன்று இந்தப் பக்கமிருந்து போகும், இன்னொன்று அதே துளையில் அந்தப் பக்கமிருந்து வரும். மெஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் விடாது. பாப்பிரெட்டிப்பட்டி லாரி டிரைவர்கள் இதற்காகவே அவளைத் தேடி வருவார்கள்.

மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த இன்னாசிக்கும் அவள் தைத்த பெல்ட்தான். வியாதி வந்த பிறகு அவர் நம்புவது அதை மட்டும்தான். ஆசுபத்திரியில் எடை பார்க்க ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். எத்தனை கிலோ என்று கேட்க இரண்டு பேருக்குமே தைரியம் கிடையாது.

திங்கள்கிழமை மருந்து ஏற்றப் புறப்படும்போது பெல்ட்டை மாட்டிக் காட்டுவார்.

"மூணாவது ஓட்டதான் ரோசா. அப்பிடியேதான் இருக்கறன்."

இருக்கமாட்டாரா பின்னே? ஞாயிறு மதியம் அவர் கண்ணயர்ந்ததும், ரோசம்மாள் பக்கிள் பக்கத்துத் தையலைப் பிரித்து, ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, பழையபடியே மடித்துத் தைத்துவிடுவாள். நூலுக்குத் தேன்மெழுகு பூசி, ஒவ்வொரு தையலையும் இரண்டு கையாலும் இறுக்கி, கடைசியில் இரண்டு தையல் திரும்பி வந்து முடிப்பாள். புதுத் தையல் பளிச்சென்று தெரியாமலிருக்க விளக்கெண்ணெய் வேறு. திருட்டு வேலைதான்.

வெட்டிய துண்டுகள் ஐந்து, மெழுகு டப்பாவுக்கு அடியில் கிடக்கின்றன.

மூன்று வாரமாக ஆறாவது துண்டு விழவில்லை. காலையில் பூசைக்குப் போகும்போதுகூட மூன்றாவது ஓட்டையில் பெல்ட் கச்சிதமாக நின்றது. உடம்பு தேறுகிறது. சந்தோஷம் தாங்காமல் கோயிலில் அவள் அழுதேவிட்டாள். இப்போதெல்லாம் தன் பேன்ட்டை அவரே துவைத்துக்கூடப் போடுகிறார்.

கையிலிருந்த பேன்ட்டை மடிக்கப் போனாள். கால்கள் காய்ந்திருந்தன. இடுப்பில் மட்டும் ஈரம், கனம்.

உள்பக்கத்தைப் புரட்டினாள்.

ஒரு பழைய துவாலையை நாலாக மடித்து, இடுப்பைச் சுற்றி உள்ளே வைத்துத் தைத்திருந்தது. அவளுடைய மெழுகு நூல். கோணல்மாணலான தையல். ஆனால் ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு பக்கமிருந்தும் போய் வந்திருந்தது.

அப்படியென்றால் அவர் தேறவில்லை.

ஸ்டீரிங் பிடித்த அந்தக் கை ஊசி பிடித்து அவள் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை. ஞாயிறு மதியங்களில் இந்தக் கட்டிலில் படுத்தபடியே பார்த்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. மூடியிருப்பது போலத்தான் இருந்தன.

தையல் முடிந்த இடத்தில் நூல் தளர்ந்து தொங்கியது. முடிக்கத் தெரியவில்லை மனுசனுக்கு. நாளைக்கு பஸ் ஏறும்போதே உருவிக்கொண்டுவிடும்.

ரோசம்மாள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். தொங்கிய இரண்டு முனைகளிலும் ஊசி கோத்தாள்.

இரண்டு தையல் திரும்பி வந்து இறுக்கினாள். கட்டிலிலிருந்து தெரியும்படி, கொஞ்சம் மெதுவாகவே.